பார்த்துவிட்டு வந்தவன்

நண்பரொருவர் சென்ற மாதம் ஒரு கவிதை அனுப்பி என் அபிப்பிராயம் கேட்டிருந்தார். மலை இறங்கி வந்து கடலில் கால் வைக்கும் ஓர் இடம். ஆள் அரவம் இல்லை, மின்சாரம் இல்லை, வானம் முழுக்க நட்சத்திரங்கள். மோசமான கவிதை என்று சொல்ல முடியாது. சொற்கள் அளவாக இருந்தன. நம்மில் பலருக்கு இன்னும் கைவராத விஷயம் அது. இருந்தும் பதில் எழுத மனம் ஓடவில்லை. 'மின்சாரம் இல்லை' என்று வருகிற இடத்தில் ஒரு சந்தோஷத் தொனி இருக்கிறது. அதே தொனியில் நானும் ஒருமுறை பேசியிருக்கிறேன் — வாய்விட்டு, இன்னொருவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு. அதைச் சொல்லாமல் அவருடைய கவிதையைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்வது நேர்மையாகாது.

2018 ஜனவரியில் வடக்கு அந்தமானில் உள்ள டிக்லிபூருக்குப் போயிருந்தேன். நான் நெய்வேலி நகரியத்தில் வளர்ந்தவன். அப்பா சுரங்கத்தில் இருந்தார். நான் அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இவ்விரண்டு தகவல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நான் சொல்ல வருவது விளங்கும்.

நெய்வேலியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது என்பதிலிருந்து ஊரின் கதை ஆரம்பிக்கிறது. 1956இல் நிறுவனம் உண்டாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருஷமே சோவியத் உதவியில் கட்டிய அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓட ஆரம்பித்தது. முந்திரியும் பலாவும் நின்ற செம்மண்ணை வட்டங்களாகப் பிரித்து வீடுகள் கட்டினார்கள். எங்களுக்கு முகவரி என்றால் வட்டத்தின் எண்தான். கரிக்கு மேலே கிடக்கிற மண்ணின் கனம் ஐம்பது மீட்டர், சில இடங்களில் நூறு. அதை எடுத்து எங்காவது கொட்டியாக வேண்டும். கொட்டியது மேடாயிற்று, மேட்டில் மரம் வைத்தார்கள். சுற்றுவட்டாரம் முழுக்கத் தட்டை நிலம் என்பதால் சிறுவயதில் நாங்கள் அதை மலை என்றே சொன்னோம். "மலைக்குப் போலாம்டா" என்றால் மண்மேட்டுக்கு என்று அர்த்தம். நான் முதன்முதலில் ஏறிய மலை, பக்கத்தில் இருந்த பள்ளத்தின் மறுபெயர்.

கடல் கிழக்கே கடலூரில் இருந்தது, பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் மலையும் கடலும் ஒரே பார்வையில் படுகிற இடம் என்று ஒன்று மனசில் உருவாகியிருந்தது. நம் திணைப் பகுப்பில் குறிஞ்சியிலிருந்து நெய்தலுக்கு வர இடையில் முல்லையையும் மருதத்தையும் கடக்க வேண்டும். இடையில் எதுவுமே இல்லாமல், வயல் இல்லாமல், அதாவது உழைப்பு இல்லாமல் — இப்போது யோசிக்கும்போது அதுதான் என் ஆசையின் உள்ளடக்கம் என்று தோன்றுகிறது — மலை நேராகக் கடலுக்குள் இறங்க வேண்டும். ஓய்வு பெற்ற பணத்தில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன்.

அப்போது அந்த ஊருக்கு போர்ட் பிளேர் என்று பெயர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள். அங்கிருந்து டிக்லிபூருக்குச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் பஸ் ஏறினால்தான் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் முதல் வாகன வரிசையில் சேரலாம். சாவடிக்கு அப்பால் ஜாரவாக்களின் காப்புக்காடு. நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் வெளியே நீட்டக் கூடாது என்று அறிவிப்பு. 1970களில் இந்தச் சாலையைப் போட ஆரம்பித்தபோது ஜாரவாக்கள் அம்பெய்து எதிர்த்தார்கள். காப்புக்காட்டின் வழியே போகிற பகுதிகளை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012இல் ஜாரவாப் பெண்களை ஆடவைத்துப் பிடித்த ஒரு படம் வெளியாகி உலகம் முழுவதும் பேச்சாயிற்று. இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். பார்க்கப் போவதில்லை என்று தீர்மானம் கூடச் செய்திருந்தேன். செய்திருந்தும் ஜன்னலோர இருக்கை கேட்டு வாங்கியிருந்தேன்.

ஒரு வளைவில் பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். மூன்று விநாடி இருக்கும். என்ன பார்த்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த மூன்று விநாடி முப்பது வருஷம் ஆகிவிடும். அவர்களில் ஒருவர் எங்களைப் பார்த்த பார்வையில் கோபமோ ஆர்வமோ இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். தினசரி போகிற பஸ்ஸைப் பார்க்கிற பார்வை அது.

டிக்லிபூரைத் தாண்டி காலிபூர் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தமிழர் வீட்டில் அறை கிடைத்தது. நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ராமநாதபுரத்துப் பக்கம், அப்பா சாலை வேலைக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். சுற்றிலும் குடியிருப்பவர்கள் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்டவர்கள். வீட்டில் தமிழ், வாசலில் ஹிந்தி, கடையில் வங்காளி என்று அவருடைய பிள்ளைகள் மூன்று மொழியில் சண்டை போட்டார்கள். பாக்குத் தோட்டம் கொஞ்சம், வருகிற ஆட்களுக்கு இரண்டு அறை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். வாசலில் நின்றால் வலது பக்கம் சாடில் சிகரம் — 732 மீட்டர், அந்தமானிலேயே உயரமானது — காடு போர்த்திக்கொண்டு, ஒரு இடைவெளி கூட இல்லாமல் கடலுக்குள் இறங்குகிறது. நான் மனசில் வைத்திருந்த இடம் அதுதான். இப்படி நேருவது அபூர்வம். கற்பனை செய்த ஒன்று அப்படியே எதிரில் நிற்கும்போது ஒரு கணம் பயமாகத்தான் இருந்தது.

முதல் நாள் பகலில் கல்பாங் ஆற்று நீர்மின் நிலையத்தைப் பற்றி விசாரித்தேன். தொழில் புத்தி. 2001இல் ஓட ஆரம்பித்தது; 5.25 மெகாவாட். எங்கள் முதல் அனல் மின் நிலையம் 600 மெகாவாட். பொம்மை மாதிரி என்று நினைத்துக்கொண்டேன், பிரியமாகத்தான்.

அன்று இரவு ஏழரை மணிக்கு மின்சாரம் போயிற்று. வாசலில் உட்கார்ந்திருந்தேன். கண் இருட்டுக்குப் பழகியதும் மேலே பார்த்தேன். நெய்வேலியில் சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் விளக்கு அணையாது. தெற்கு வானம் எப்போதும் மஞ்சளடித்தே கிடக்கும். அறுபது வயதுக்கு நான் பார்த்த நட்சத்திரங்களை எண்ணிவிடலாம். இங்கே வானத்தில் இடமே இல்லை. சிகரத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது நட்சத்திரம் இல்லாத இடத்தை வைத்துத்தான் தெரிந்தது. அவர் வெளியே வந்தார். நான் சொன்னேன்:

"எவ்வளவு நட்சத்திரம்! நீங்கள்ளாம் கொடுத்து வச்சவங்க தம்பி. எங்க ஊர்ல ராத்திரியே கிடையாது."

"ஆமா சார்" என்றார். உள்ளே போய் ஒரு விசிறியோடு திரும்பினார். பின்னாலேயே அவருடைய அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்தார். அப்புறந்தான் எனக்கு உறைத்தது: சாயங்காலத்திலிருந்து உள்ளே ஒரு இயந்திரம் 'ர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது. மூச்சிரைப்புக்கு மருந்துப் புகை பிடிக்கிற நெபுலைசர். அந்த அம்மாளின் மூச்சு வெளியே கேட்டது, பலகையை அறுப்பது மாதிரி. மகன் விசிறினார். நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்று என்ன செய்ய? நட்சத்திரங்கள் அப்படியேதான் இருந்தன. ஒன்று கூடக் குறையவில்லை.

ஒன்றேகால் மணி நேரம். விளக்கு வந்ததும் இயந்திரம் ஓடியது. பிறகு, முகத்துக் கவசத்தை எடுத்துவிட்டு அந்த அம்மாள் என்னைக் கேட்டார்:

"உங்க ஊர்ல கரண்டே போகாதாமே தம்பி?"

"ஆமாம்மா. போகாது."

உண்மைதான். 2012இல் தமிழ்நாட்டில் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் ஜனங்கள் மொட்டை மாடியில் படுத்தபோது கூட எங்கள் வட்டத்தில் விளக்கு எரிந்தது.

*

நான் அனுபவித்தது பொய்யான அழகா என்ற கேள்வியைத்தான் முதலில் போட்டுக்கொண்டேன். கான்ட் 1790இல் எழுதிய மூன்றாவது விமர்சன நூலின் தொடக்கத்தில் ஓர் அரண்மனை வருகிறது. அது அழகாக இருக்கிறதா என்று கேட்டால், வேடிக்கை பார்ப்பதற்காகவே கட்டியவை எனக்குப் பிடிக்காது என்று ஒருவன் சொல்லலாம். பாரீஸில் சாப்பாட்டுக் கடைகளைத் தவிர வேறெதுவும் பிடிக்கவில்லை என்ற இரோக்வாத் தலைவனைப் போலப் பதில் சொல்லலாம். ரூஸோ பாணியில், ஜனங்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்தில் செலவழிக்கும் பெரியவர்களைத் திட்டலாம். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இப்போது கேள்வி அதுவல்ல என்கிறார் கான்ட். பொருள் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தள்ளி வைத்துவிட்டு, பார்க்கிற மாத்திரத்தில் ஆனந்தம் உண்டாகிறதா என்பதே கேள்வி. பற்றற்ற ஆனந்தம்.

கான்ட் சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த அம்மாளின் மூச்சிரைப்பினால் நட்சத்திரங்கள் அசிங்கமாகிவிடவில்லை. அழகு என்பதே ஏமாற்று என்று முஷ்டி உயர்த்தும் நண்பர்களோடு நான் போய்ச் சேர முடியாது. ஆனால் கான்ட் விட்டுவிட்ட ஒரு விஷயம் உண்டு: பற்றில்லாமல் பார்ப்பதற்கு ஒருவனுடைய தேவை வேறெங்கோ ஏற்கெனவே தீர்ந்திருக்க வேண்டும். என் மூச்சு சரியாக இருந்தது. என் விளக்கு நெய்வேலியில் எரிந்துகொண்டிருந்தது. இருட்டை ஒரு வாரத்துக்கு மட்டும், திரும்பிப் போகும் டிக்கெட்டோடு வாங்கியிருந்தேன். அழகைப் பார்த்ததில் தப்பில்லை. அதை 'கொடுத்து வைத்தவங்க' என்று அவர் கணக்கில் வரவு வைத்தேனே, அதுதான் குற்றம். அவருடைய இல்லாமையை அவருக்கே பரிசாகக் கொடுத்தேன்.

இதோடு நிறுத்தினால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும்: பசித்தவனுக்கு அழகு தெரியாது, வயிறு நிறைந்தவனுக்கே தெரியும் என்று. நம்மிடையே இரண்டு கட்சிக்காரர்களும் இதில் ஒத்துப்போவார்கள். ஒருவர் வருத்தத்தோடு, மற்றவர் பெருமையோடு. ஆனால் மறுநாள் இரவு அவரே என்னை எழுப்பிக் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஆமை முட்டையிட வருகிற காலம். வெள்ளை விளக்கு கூடாது என்று டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டியிருந்தார். ஒரு ஆமை மணலைப் பின்காலால் தோண்டிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் அவர் வாய் திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து எத்தனை நூறு முறை பார்த்திருப்பார். எனக்குக் கால் மரத்துப்போய் மனசு அறைக்குப் போயிற்று, அவருக்குப் போகவில்லை. ஆமை கடலுக்குத் திரும்பியதும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "காலைல ஃபாரஸ்ட்காரங்ககிட்ட சொல்லணும் சார், முட்டையைக் கூண்டுக்கு மாத்துவாங்க" என்றார். மின்சாரம் வேண்டும் என்கிற அதே மனிதர். தேவை அவர் கண்ணை மறைக்கவில்லை. மறைக்கும் என்று நான் நினைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பும் வழியில் சாலையைப் பற்றிப் பேச்சு வந்தது. அவருக்குச் சாலை அகலமாக வேண்டும், எந்த நேரமும் திறந்திருக்க வேண்டும். ஆபத்து என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம் பஸ், இல்லாவிட்டால் கப்பல், அதிர்ஷ்டம் இருந்தால் ஹெலிகாப்டர்.

"ரோட்ட மூடணும்கிறவங்க யாரும் இந்த ரோட்டக் கடைசி வரைக்கும் வந்ததில்ல சார்."

நான் பதில் சொல்லவில்லை. மூட வேண்டும் என்பதுதான் என் கட்சி. சில நூறு பேராக மிஞ்சியிருக்கும் ஒரு இனத்தை, அவர்கள் காட்டுக்குள்ளேயே ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியாது. ஏற்காத நான்தான் பார்த்தேன் என்றாலும். ஆனால் அந்த இரவில் என் கட்சியை உரசிப் பார்த்தபோது சங்கடமான ஒன்று தெரிந்தது. ஜாரவாக்களின் உரிமை என்று நான் சொன்னதில் பாதிதான் அவர்களுடைய உரிமை. மீதிப் பாதி, இந்தக் கடற்கரை இப்படியே ஆளில்லாமல் இருக்கட்டும் என்ற என் ரசனை. அது தனியாக வந்தால் வெட்கப்பட வேண்டியிருக்கும் என்று, அவர்களுடைய உரிமையின் முதுகில் ஏறி வந்திருக்கிறது. அவருடைய அம்மாவின் மூச்சுக்கும் ஜாரவாக்களின் காட்டுக்கும் இடையே உள்ளது நிஜமான வழக்கு. இரண்டு பக்கமும் உயிர் இருக்கிறது. அந்த வழக்கில் எனக்கு இடமே இல்லை. இருந்தும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கரியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எரிக்கிற பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் கடலோரச் சதுப்பில் நின்ற வெப்பமண்டலக் காடு. சில கட்டிகளில் மரத்தின் ரேகை அப்படியே இருக்கும்; அப்பா ஒரு துண்டைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருந்தார், உலர்ந்து உலர்ந்து உதிர்ந்து போயிற்று. ஒரு கடலோரக் காட்டை எரித்த சம்பளத்தில் இன்னொரு கடலோரக் காட்டை வேடிக்கை பார்க்கப் போனவன் நான். இதை உருவகமாகச் சொல்லவில்லை. சம்பளப் பட்டியலில் உள்ள கணக்கு. முல்லையும் குறிஞ்சியும் தன்னிலை திரிந்தால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தில் வருகிறது. வெயில் திரித்தது போக, ஆள் வைத்துத் திரிக்கிற பாலையும் உண்டு. அதன் கரையில் வேப்பமர நிழலில் சைக்கிள் ஓட்டி வளர்ந்தவர்கள் நாங்கள்.

எங்களுக்கு முன்னால் அங்கே கிராமங்கள் இருந்தன என்பது நகரியத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிவது வேறு, கண்ணில் படுவது வேறு. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்று வாய்க்காலுக்காக, பயிர் நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டுவிட்டது என்பது நிறுவனத்தின் வாதம். நான் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து. அதற்கு முந்தின வருஷம் பெரிய நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், ஒரு டவுன்ஷிப் என்ற திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த செய்தியில் அந்த டவுன்ஷிப் என்ற சொல்லிலேயே கண் நின்றுபோனது. யாரோ ஒரு பையன் அங்கே வளர்ந்து, அறுபது வயதில் இருட்டைத் தேடி எங்காவது போவான்.

2019 மே மாதம் காலிபூர்க்காரர் ஃபோன் செய்தார். மூத்த பையன் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறான், அப்ரெண்டிஸ் சேர வழி இருக்குமா, நேரில் வந்து பார்க்கட்டுமா. வரச் சொன்னேன். அது கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். நாலு நாள் எங்கள் வீட்டில் இருந்தான். விளக்கைப் போட்டுவிட்டே தூங்கினான். மூன்றாம் நாள் சாயங்காலம் சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்றான். வியூ பாயிண்டுக்குக் கூட்டிப் போனேன். இருட்டும் நேரம். கீழே படிப்படியாக இறங்கும் பள்ளம், அதற்குள் வாளிச் சக்கர இயந்திரங்கள், மைல் கணக்கில் பெல்ட், எல்லாவற்றின் மேலும் வரிசை வரிசையாக விளக்கு. பையன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

"எவ்வளவு அழகா இருக்கு தாத்தா! நீங்கள்ளாம் குடுத்து வச்சவங்க."

பக்கத்தில் வேர்க்கடலைக் கூடையை இறக்கி வைத்திருந்த ஒரு அம்மாள் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அவன் யார், எந்த ஊர் என்று கேட்டார். அந்தமான் என்றதும், "அங்கேருந்தா வந்திருக்க, இதப் பாக்க?" என்றார். பிறகு பள்ளத்தின் தென்மேற்குப் பக்கம், தண்ணீர் தேங்கி விளக்கு வெளிச்சம் விழுந்திருந்த இடத்தைக் கையால் காட்டினார்.

"அதோ தண்ணி மின்னுது பாரு, அதுக்கு இந்தப் பக்கம். அங்கதான் எங்க கொல்லை இருந்துச்சு."

பையன் அவர் கை போன திசையில் பார்த்தான். கடலை கால் படி வாங்கிக்கொண்டோம்.